நல்ல நாள், பெரிய நாள்: பெரிய வெள்ளிக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது?

2025 ஏப்ரல் 18, பெரிய வெள்ளி. காலை பதினோரு மணி இருக்கும். பன்னிரண்டு மணி ஆராதனைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டு அக்கா ஒரு ஸ்வீட் பாக்ஸோடு வந்து, "தம்பி, ஹேப்பி குட் ஃப்ரைடே" என்று நீட்டினார். வாங்கிக்கொண்டேன். ஆனால் என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவரே தடுமாறிவிட்டார். "ஏன் தம்பி, வாழ்த்து சொல்லக் கூடாதா? குட்டுன்னுதானே காலண்டர்ல போட்டிருக்கு? ஏசு சாமி செத்த நாளுன்னும் சொல்றாங்க. செத்த நாளை எப்படிப்பா நல்ல நாளுன்னு சொல்றீங்க?"

பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். "அப்புறம் சொல்றேன்க்கா" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. இத்தனை வருஷமாக அந்த நாளில் கோயிலுக்குப் போகிறவன், வாசலில் நின்று நேராகக் கேட்ட கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லத் தெரியாமல் போனது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. அக்காவுக்குப் பதில் தேடியபோது தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் ஊரில் இதற்குத் தயாராக இரண்டு பதில்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. முதலாவது: அது உண்மையில் "காட்ஸ் ஃப்ரைடே", அதாவது கடவுளுடைய வெள்ளி, காலப்போக்கில் மருவி "குட் ஃப்ரைடே" ஆகிவிட்டது என்பது. பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன், வாட்ஸ்அப்பில் வருஷா வருஷம் வருகிறது. இரண்டாவது: அந்த மரணத்தால் நமக்கு நன்மை உண்டானது, அதனால் நல்ல வெள்ளி. இந்த இரண்டாவதை நான் முழு மனதோடு நம்புகிறேன், அது என் விசுவாசம். ஆனால் ஒரு சொல் எப்படிப் பிறந்தது என்ற கேள்விக்கு அது பதில் இல்லை. பெயர் வந்த பிறகு அந்தப் பெயருக்குள் நாம் கண்டுகொண்ட அர்த்தம் அது.

முதல் பதிலை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அது நம்பும்படியாக இருக்கிறது. ஆங்கிலத்தில் "குட்பை" என்கிறோமே, அது "காட் பி வித் யூ", கடவுள் உன்னோடு இருப்பாராக என்ற வாழ்த்து சுருங்கி வந்ததுதான். அங்கே காட் என்பது நிஜமாகவே குட் ஆகியிருக்கிறது, குட் மார்னிங், குட் டே மாதிரியான வணக்கங்கள் பக்கத்திலேயே இருந்ததால் அந்தச் சாயல் ஒட்டிக்கொண்டது. அங்கே நடந்தது இங்கேயும் நடந்திருக்கும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் அது நடந்தது 16ஆம் நூற்றாண்டு வாக்கில். குட் ஃப்ரைடே என்ற பெயரோ அதற்கு முந்நூறு வருஷம் முன்னாலேயே எழுத்தில் இருக்கிறது. சுமார் 1290ஆம் ஆண்டைச் சேர்ந்த, புனிதர்களின் வரலாறுகளைப் பாட்டாகச் சொல்லும் "சவுத் இங்கிலீஷ் லெஜண்டரி" என்ற தொகுப்பில் "குஓட ஃப்ரைடே" என்கிற மாதிரி எழுத்துக்கூட்டலோடு வருகிறது. ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதி காட்டும் மிகப் பழைய சான்று அதுதான். அங்கேயே அந்தச் சொல் "நல்ல" என்ற உரிச்சொல்லாகத்தான் நிற்கிறது, "கடவுளுடைய" என்று இல்லை.

தமிழ் படித்தவர்களுக்கு இதைச் சுலபமாக விளக்கலாம். பழைய ஆங்கிலத்தில் கடவுளைக் குறிக்கும் சொல்லில் வருவது குறில், நல்லது என்பதைக் குறிக்கும் சொல்லில் வருவது நெடில். நமக்குக் கல்லும் காலும் எப்படி வேறு வேறோ அப்படி. எழுத்தில் இரண்டும் ஒரே மாதிரி தெரிந்தாலும் வேர் வேறு, பிறப்பு வேறு.

அப்படியானால் "குட்" என்பதற்கு அங்கே என்ன பொருள்? பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு இன்று வழக்கொழிந்துபோன ஒரு பொருள் இருந்தது. திருச்சபை ஆசரிக்கும் ஒரு நாளையோ காலத்தையோ குறிக்கும்போது அதன் முன்னால் "குட்" சேர்ப்பார்கள். புனிதமானது, ஆசரிப்புக்கு உரியது என்று பொருள். ஈஸ்டருக்கு முந்தைய புதன்கிழமையை "குட் வெட்னஸ்டே" என்று சொல்லியிருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் நாட்களையும், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து தொடங்குவதற்கு முந்தைய நாட்களையும் "குட் டைட்" என்று சொல்லியிருக்கிறார்கள், நல்ல காலம் என்று. இவையெல்லாம் வழக்கொழிந்து போய், வெள்ளி மட்டும் தப்பிப் பிழைத்தது. வேதாகமத்தை இன்றும் சிலர் "குட் புக்" என்கிறார்களே, அதிலும் கிட்டத்தட்ட இந்தப் பொருள்தான். நன்றாக எழுதப்பட்ட புத்தகம் என்றா சொல்ல வருகிறார்கள்? பரிசுத்தமான புத்தகம் என்றுதான்.

சென்னையில் வளர்ந்தவர்களுக்கு இது புரியாமல் போக வாய்ப்பே இல்லை. நாம் "நல்ல தண்ணி" என்று சொல்வதில்லையா? மெட்ரோ வாட்டர் லாரி வந்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது "நல்ல தண்ணி வந்துடுச்சு" என்றுதான் தெருவே கத்தும். ருசியைப் பற்றியோ மணத்தைப் பற்றியோ யாரும் பேசவில்லை. குடிக்கிற தண்ணீர், போர் போட்டு எடுக்கிற உப்புத் தண்ணீர் அல்ல என்று இனம் பிரிக்கிறோம், அவ்வளவுதான். நல்லெண்ணெயும் அப்படித்தான். நல்ல பாம்பை எடுத்துக்கொள்ளுங்கள். கடித்தால் ஆளையே கொண்டுபோகும் பாம்பு அது, ஆனாலும் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு அதற்கு நல்ல குணம் என்று எந்தத் தமிழ்க் குழந்தையும் நினைத்துக்கொண்டதில்லை. பயமும் மரியாதையும் சேர்ந்து வைத்த பெயர். "நல்ல" என்ற சொல் எப்போதும் சந்தோஷத்தைச் சொல்ல வருவதில்லை என்பது நமக்கு நன்றாகவே தெரியும். ஆங்கிலத்தில் வரும்போதுதான் மறந்துபோகிறோம்.

சரி, "குட்" வருவதற்கு முன்னால் ஆங்கிலேயர்கள் அந்த நாளை என்னவென்று சொன்னார்கள்? "நீண்ட வெள்ளி". பழைய ஆங்கிலத்தில் "லாங்கா ஃப்ரீயெதாய்" என்பது போல ஒலிக்கும். இந்தப் பெயர் இங்கிலாந்தில் மறைந்துவிட்டாலும் வடக்கே இன்றும் உயிரோடு இருக்கிறது: டென்மார்க், நார்வே, ஸ்வீடன், ஐஸ்லாந்து, பின்லாந்து என்று அந்தப் பக்கம் முழுக்க அவரவர் மொழியில் நீண்ட வெள்ளிதான். நோன்பும் வழிபாடும் நீண்டதால் அப்படி அழைத்தார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள்.

எனக்கு இந்தப் பெயர் மிகவும் பிடிக்கிறது, ஏனென்றால் அந்த நாளின் நீளத்தை உடம்பால் அறிந்தவன் நான். ஏப்ரல் மாதச் சென்னை வெயிலில் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரைக்கும் ஏழு வார்த்தைகள் ஆராதனை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஒவ்வொன்றாகத் தியானிப்பது. "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்ற முதல் வார்த்தைக்குப் பேசும்போது எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். நான்காம் வார்த்தை வரும்போது வெள்ளைச் சட்டைகள் முதுகோடு ஒட்டியிருக்கும், விசிறி சுற்றும் சத்தம் தனியாகக் கேட்கும், பின்வரிசையில் ஏதாவது ஒரு குழந்தை அம்மாவின் மடியில் தூங்கிப்போயிருக்கும். "முடிந்தது" என்ற ஆறாம் வார்த்தையை வாசிக்கும்போது ஒரு நிசப்தம் வரும் பாருங்கள், அது வருஷத்தில் வேறு எந்த ஆராதனையிலும் வருவதில்லை. மூன்று மணிக்கு வெளியே வந்தால் கோயிலுக்குப் பின்னால் பெரிய அண்டாவில் கஞ்சியும், வாளியில் தேங்காய்த் துவையலும் காத்திருக்கும். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத பெரியவர்கள் முதல் வாய் கஞ்சியை விழுங்கும்போது கண்ணை மூடிக்கொள்வார்கள்.

இந்த மூன்று மணி நேர ஆராதனைக்கும் ஒரு தூரத்து ஊர்க் கதை இருக்கிறது. இப்போதுள்ள வடிவத்தை ஏற்படுத்தியவர் தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் லிமா நகரில் இருந்த அலோன்சோ மெஸ்ஸியா என்ற இயேசு சபைக் குரு. 1687இல் லிமாவை நிலநடுக்கம் சிதைத்துப் போட்டதே, அதை ஒட்டிய காலத்தில். அங்கிருந்து ஐரோப்பா போய், கத்தோலிக்கர்களிடமிருந்து ஆங்கிலிக்கன் சபைக்குப் போய், கடைசியில் எங்கள் பெரம்பூர் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் நண்பகலிலிருந்து மூன்று மணி வரை என்ற கணக்கு இன்னும் பழையது. நான்காம் நூற்றாண்டின் கடைசியில் எகேரியா என்ற பெண் மேற்கு ஐரோப்பாவிலிருந்து எருசலேமுக்கு யாத்திரை போய், தான் கண்டதையெல்லாம் தன் ஊர்ச் சகோதரிகளுக்கு எழுதி வைத்தார். அந்த வெள்ளிக்கிழமை ஆறாம் மணியிலிருந்து ஒன்பதாம் மணி வரைக்கும், அதாவது நம் கணக்கில் பன்னிரண்டிலிருந்து மூன்று வரைக்கும், இயேசுவின் பாடுகளைப் பற்றிய வேத பகுதிகளை வாசித்துக்கொண்டே இருந்தார்கள், அழாத ஆள் இல்லை என்கிறார்.

அதற்கு முன்பு காலையில் சிலுவை மரத்தை வைத்து, மக்கள் ஒவ்வொருவராக வந்து குனிந்து முத்தமிட்டார்களாம். உதவிக் குருக்கள் சுற்றி நின்று காவல் காத்தார்களாம், ஏனென்றால் முன்பு ஒருமுறை யாரோ முத்தமிடுவதுபோல் குனிந்து மரத்தைப் பல்லால் கடித்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். என் அம்மா வழியினர் கத்தோலிக்கர்கள், சாந்தோம் பக்கம். சின்ன வயதில் ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நகர்ந்து நகர்ந்து போய்ச் சிலுவையை முத்தி செய்திருக்கிறேன். பெரிய வியாழன் இரவோடு மணி அடிப்பதை நிறுத்திவிடுவார்கள், மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டும் ஓசைதான். அந்தக் கட்டைச் சத்தமும், முத்தமிட்ட இடத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்த கையும் இன்னும் நினைவில் இருக்கின்றன. எகேரியா எழுதியதைப் படித்தபோது, ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்னால் எருசலேமில் நகர்ந்த அதே வரிசையின் வால் பகுதியில்தான் நானும் ஆயாவும் நின்றிருக்கிறோம் என்று தோன்றியது.

அந்த எகேரியாவிடமே நம்முடைய பெயருக்கும் ஒரு திறவுகோல் இருக்கிறது. அதற்குப் போவதற்கு முன்னால் மற்ற மொழிகளை ஒரு சுற்று பார்த்துவிடுவோம். ஜெர்மனியில் இந்த நாள் "கார்ஃப்ரைடாக்". "கார" என்பது பழைய ஜெர்மன் மொழியில் புலம்பல், துயரம். பிரெஞ்சு, ஸ்பானிய, இத்தாலிய மொழிகளில் புனித வெள்ளி. டச்சு மொழியில் ஆங்கிலத்தைப் போலவே நல்ல வெள்ளி. நமக்கு இன்னும் பக்கத்தில் வருவோம். பெரம்பூரில் ரெயில்வே தொழிற்சாலைகளும் ஐ.சி.எஃப்பும் இருப்பதால் எல்லா ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். எங்கள் மாடியில் இருக்கும் மலையாளிக் குடும்பம் "துக்க வெள்ளி" என்கிறது. கேள்விக்கே இடமில்லாத பெயர். தெலுங்குக்காரர்கள் "சுப சுக்ரவாரம்" என்கிறார்கள், கன்னடத்திலும் அப்படியே. அதாவது ஆங்கிலத்தின் "குட்" சுபம் ஆகிவிட்டது. ஒரே கட்டிடத்தில் ஒரு வீட்டில் துக்கம், அடுத்த வீட்டில் சுபம், நாள் ஒன்றுதான்.

நமக்குத் தமிழில் இரண்டு பெயர்கள். அரசு விடுமுறைப் பட்டியலிலும் செய்தித்தாளிலும் "புனித வெள்ளி". ஆனால் ஆயா வாயில் ஒருநாளும் அந்தப் பெயர் வந்து நான் கேட்டதில்லை. அவருக்கு அது "பெரிய வெள்ளிக்கிழமை". முந்தின நாள் பெரிய வியாழன், அடுத்த நாள் பெரிய சனி. இலங்கைத் தமிழர்களும் பெரிய வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள், சிங்களத்தில்கூட "மஹ சிகுராதா", மகா வெள்ளி. கத்தோலிக்க வழிபாட்டு நூலில் இன்னும் துல்லியமாக "ஆண்டவருடைய திருப்பாடுகளின் வெள்ளி" என்று இருக்கும். ஆனால் அது பீடத்தில் வாசிக்கிற பெயர், அடுப்படியில் பேசுகிற பெயர் பெரிய வெள்ளிதான்.

இந்தப் "பெரிய" என்பது ஏதோ நாட்டுப்புறத்துப் பேச்சு, "புனித" என்பதுதான் சரியான தமிழ் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பகுதியைக் கொஞ்சம் அழுத்தியே எழுதுகிறேன். "பெரிய" என்பதுதான் பழையது. கிரேக்கத்தில் இந்த நாள் "மெகாலி பரஸ்கெவி", பெரிய வெள்ளி. ரஷ்யா, போலந்து, ஹங்கேரி எல்லாவற்றிலும் பெரிய வெள்ளி. இந்தோனேசியாவிலும் அப்படியே. எகேரியா எருசலேமைப் பற்றி எழுதும்போது, "இங்கே இதைப் பெரிய வாரம் என்று அழைக்கிறார்கள்" என்று தன் ஊர்க்காரர்களுக்குத் தனியாகக் குறிப்பிடுகிறார். லத்தீன் திருச்சபையிலும் அந்தப் பெயர் நிலைத்தது. கிட்டத்தட்ட அதே காலத்தில் அந்தியோக்கியா நகரில் பிரசங்கம் செய்துகொண்டிருந்த யோவான் கிறிசோஸ்தோம் என்ற குரு இந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டு பேசியிருக்கிறார்: ஏன் இதைப் பெரிய வாரம் என்கிறோம்? இதன் நாட்கள் மற்ற நாட்களைவிட நீளமானவை என்பதாலா? இல்லை. எண்ணிக்கையில் அதிகமா? அதுவும் இல்லை. ஆண்டவர் இந்த வாரத்தில் நமக்காகப் பெரிய காரியங்களைச் செய்தார், அதனால்தான் என்கிறார்.

பெரிய காரியங்கள். இந்த இடத்தைப் படித்ததும் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். "கர்த்தர் நமக்குப் பெரிய காரியங்களைச் செய்தார், இதினிமித்தம் மகிழ்ந்திருக்கிறோம்" என்று 126ஆம் சங்கீதத்தில் வரும், எங்கள் வீட்டில் கல்யாணப் பத்திரிகையிலும் புது வீட்டு வாசலிலும் போடுகிற வசனம். ஆனால் தமிழில் "பெரிய காரியம்" என்ற பேச்சுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஒரு வீட்டில் சாவு விழுந்துவிட்டால் அந்தச் சொல்லை வாயால் சொல்லத் தயங்கி, "அவங்க வீட்ல ஒரு பெரிய காரியம் ஆயிடுச்சு" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆயாவும் அப்படித்தான் சொல்வார். குரலைத் தாழ்த்தி, முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு. ஆண்டவர் செய்த அற்புதமும் பெரிய காரியம், வீட்டில் நிகழ்ந்த மரணமும் பெரிய காரியம். ஜெர்மன்காரர் துயரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார், தெலுங்குக்காரர் சுபத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். "பெரிய வெள்ளி" என்று சொன்னவர்கள் எதையும் விடவில்லை. கிரேக்கத்திலும் இது உண்டா என்று எனக்குக் கவலையில்லை, தமிழில் இது இருக்கிறது, அது எனக்குப் போதும்.

இதையெல்லாம் சேர்த்துக்கொண்டு பெரிய சனி அன்று சாயங்காலம் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அக்கா அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான், ஏப்ரல் 11 அன்று, பங்குனி உத்திரத்துக்கு மயிலாப்பூர் போய் வந்திருந்தார். ஈஸ்டரும் பௌர்ணமியை வைத்துக் கணக்கிடுவதுதான் என்று ஆரம்பித்தேன், பல வருஷங்களில் அவருடைய உத்திரத்துக்கும் எங்களுடைய பாஸ்காவுக்கும், அதாவது ஈஸ்டருக்கும், ஒரே நிலாதான். அவருக்கு அதுவே ஆச்சரியம். அப்புறம் "குட்" என்றால் அந்தக் காலத்து ஆங்கிலத்தில் சாமிக்கு உரிய நாள் என்று பொருள், தமிழில் நாங்கள் பெரிய வெள்ளி என்போம் என்று சொல்லி முடிக்கவில்லை, அக்கா குறுக்கிட்டார். "இதுக்கா தம்பி இவ்ளோ படிச்ச? நாங்களும் அப்படித்தானே சொல்லுவோம், நல்ல நாள் பெரிய நாள்னு?"

சொல்கிறோம்தான். "நல்ல நாள் பெரிய நாளுக்குக்கூட வீட்டுப் பக்கம் வரமாட்டேங்கிற" என்று எத்தனை அம்மாக்கள் எத்தனை பிள்ளைகளிடம் போனில் குறைப்பட்டிருப்பார்கள். அந்த நல்ல, அந்தப் பெரிய, இரண்டுக்கும் அங்கே ஒரே பொருள்: சும்மா போகிற நாள் இல்லை, நின்று ஆசரிக்கிற நாள். ஆங்கிலத்தில் அகராதியைத் தோண்டி எடுக்க வேண்டியிருந்த பொருள், எதிர் வீட்டு அக்காவின் வாயில் தினப்படிப் பேச்சாக இருந்திருக்கிறது.

கடைசியில் "வெள்ளி" என்ற பாதி மீதம் இருக்கிறது. அதையும் அவரே கேட்டார், "வெள்ளிக்கிழமை எங்களுக்கும் விசேஷம்தான், உங்களுக்கு ஏன்?" என்று. ஏசு இறந்தது ஓய்வுநாளுக்கு முந்தின நாள், யூதர்கள் ஓய்வுநாளுக்கு வேண்டியதையெல்லாம் தயார் செய்துவைக்கும் நாள். தமிழ் வேதாகமத்தில் "ஆயத்தநாள்" என்று இருக்கும். கிரேக்கச் சொல்லான பரஸ்கெவிக்கு அதுதான் நேர்ப் பொருள், இன்றைக்கும் கிரேக்கர்களுக்கு எல்லா வெள்ளிக்கிழமையும் பரஸ்கெவிதான். கிரகங்களின் பெயரையும் பழைய தெய்வங்களின் பெயரையும் நாட்களுக்கு வைப்பதைத் திருச்சபையில் பலர் விரும்பவில்லை, அதனால் லத்தீனில் எண்ணிட்டு ஆறாம் நாள் என்றார்கள். சாந்தோமுக்கு வந்த போர்த்துகீசியர்களின் மொழியில் இன்றும் வெள்ளிக்குப் பெயர் ஆறாம் நாள். ஆங்கிலேயர்கள் ஃப்ரிக் என்ற தங்கள் பழைய தேவதையின் பெயரை அப்படியே வைத்துக்கொண்டார்கள். நாம் கிரகத்தின் பெயரை வைத்துக்கொண்டோம். வெள்ளி என்பது வானத்தில் வெளுத்துத் தெரியும் அந்தச் சுக்கிரன், விடிவதற்கு முன்னால் கிழக்கே வந்தால் விடிவெள்ளி. வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் இயேசு தன்னைப் பற்றிச் சொல்வது "பிரகாசமுள்ள விடிவெள்ளி நட்சத்திரம்" என்று. சின்ன வயதில் பெரிய வெள்ளி என்றால் வானத்தில் பெரிய நட்சத்திரம் ஒன்று வரும் நாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஆயாவும் திருத்தியதில்லை.

வாழ்த்துச் சொல்லலாமா என்ற முதல் கேள்வியை அக்கா மறக்கவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். யாராவது அன்போடு வந்து ஹேப்பி குட் ஃப்ரைடே என்றால் முகம் சுளிக்காதீர்கள் என்று எங்கள் ஆட்களிடம் நான் சொல்வேன், அந்த மனசை வாங்கிக்கொள்ள வேண்டும். அக்காவிடம் சொன்னது வேறு: சாவு வீட்டுக்கு வந்தால் எப்படி ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவீர்களோ அப்படி வாருங்கள், கஞ்சி குடியுங்கள், வாழ்த்தை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். "அப்போ நான் குடுத்த ஸ்வீட்டு?" என்றார். அப்படியே பிரிக்காமல் ஃபிரிட்ஜில் இருக்கிறது என்றேன்.

மறுநாள் அதிகாலை உயிர்த்தெழுந்த ஞாயிறு ஆராதனைக்கு நாலரை மணிக்குக் கிளம்பினோம். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை, பால் வண்டி மட்டும் நின்றிருந்தது. கிழக்கே தண்ணீர்த் தொட்டிகளுக்கு மேலே வெள்ளி பளிச்சென்று நின்றது. திரும்பி வந்தபோது அக்கா வாசலில் கோலத்தை முடித்துக்கொண்டிருந்தார். பாக்ஸைக் கொண்டுவந்து அவர் எதிரிலேயே பிரித்தேன். மைசூர்பாகு.